ஆறு ஜாடி ஆரஞ்சும் இரண்டாவது பெயரும்

காலை எட்டரைக்குச் சமையலறை ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள் குட்டி. மின்விசிறியை நிறுத்தினாள். பின்கதவின் அடியில் ஈரத்துணியை மடித்துத் திணித்தாள். இனி இந்த அறைக்குள் வெயிலும் வரக் கூடாது, காற்றும் வரக் கூடாது. இரண்டரை மணி நேரத்துக்கு அவளும் வெளியே போகக் கூடாது.

குட்டிக்கு வயது முப்பத்து மூன்று. பதின்மூன்று வயதில் அண்ணன் கூப்பிட ஆரம்பித்த பெயர் அது. அப்போது பொருத்தமாகத்தான் இருந்தது.

ஃப்ரீசரிலிருந்து ஆறு பிளாஸ்டிக் பாட்டில்களை எடுத்தாள். நேற்று உரித்து, வெள்ளைத் தோல் ஒரு நூல்கூட ஒட்டாமல் நீக்கி, பிழிந்து, மெல்லிய துணியில் வடிகட்டி வைத்த ஆரஞ்சுச் சாறு, கல்லாக உறைந்திருந்தது. மூடிகளைக் கழற்றி, ஒவ்வொரு பாட்டிலையும் அகல வாய்க் கண்ணாடி ஜாடியின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதல் ஜாடியில் ஒரு சொட்டு விழுந்தது. தேன் மாதிரி கெட்டியாக, கண்ணைப் பறிக்கும் நிறத்தில்.

குச்சி ஐஸ் உறிஞ்சியவர்களுக்கெல்லாம் இந்த ரகசியம் தெரியும். சாயமும் சர்க்கரையும் முதலில் வாய்க்குள் வந்துவிடும். கடைசியில் குச்சியில் மிஞ்சுவது வெறும் வெள்ளை ஐஸ். உறைந்த சாறும் அப்படித்தான். இனிப்பு முதலில் இறங்கும், தண்ணீர் பின்னால் இறங்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் பாட்டிலைத் தூக்கிவிட வேண்டும். முன்னாலேயே தூக்கினால் பாதிச் சுவை ஐஸிலேயே தங்கிவிடும். தாமதித்தால் சேர்ந்தது அத்தனையும் நீர்த்துப் போகும். கடிகாரம் இதற்கு உதவாது. பழத்துக்குப் பழம், நாளுக்கு நாள் மாறும். வெள்ளைச் சாசரில் ஒரு சொட்டை ஏந்திப் பார்க்க வேண்டும். உருண்டு நிற்கிறதா, பரவி ஓடுகிறதா? அப்புறம் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுப்பில் காய்ச்சினால் ஒரு மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். ஆனால் இருமல் மருந்து வாசனை வரும். இந்த முறையில்தான் அப்போதே பறித்த பழத்தின் மணம் அப்படியே நிற்கும். ஐந்து வருடமாக வாடிக்கையாளர்கள் தேடி வருவது அதற்காகத்தான். அந்த நடுக்கணம் தெரிந்த நாக்கு இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அவர் இப்போது சட்டைக் கைக்குப் பித்தான் போட்டபடி சமையலறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. வந்தால் காற்று வரும், ஐஸ் தாறுமாறாக உருகும்.

"எப்படி இறங்குது குட்டி?"

"இப்பத்தானே கவுத்தேன்."

"உன் கை பட்டா இறங்காம எங்க போகும்?"

"என் கை எங்கண்ணா பட்டுது? அது பாட்டுக்குச் சொட்டுது."

"அதைத்தான் சொல்றேன். உனக்கு உன் அருமை தெரியல." அண்ணன் சிரித்தார். "செஃப் அம்மா ரெண்டரைக்கு வர்றாங்க. நானே ஹோட்டலுக்குப் போய்க் கூட்டிட்டு வரேன். நீ அந்த ஒப்பந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா போதும். மூணு வருஷத்துக்கு நமக்குக் கவலையே இல்ல. வாரம் அறுபது பாட்டில்!"

"அறுபதா? இருக்கிற ஃப்ரீசர்ல இருபதே மூச்சு முட்டுது."

"இன்னொண்ணு வாங்கிடலாம். இடம்கூட அளந்துட்டேன். உன் ரூம்ல கட்டிலைச் சுவரோரமா தள்ளிட்டா கச்சிதமா நிக்கும். ராத்திரி லேசா உறுமும், அவ்வளவுதான். பழகிடும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதனால்தான் மறுக்க முடியவில்லை.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது அண்ணனுக்கு இருபத்து மூன்று. கோணலும் மாணலுமாகப் பின்னல் போட்டு அவளைப் பள்ளிக்கு அனுப்பியவர். தங்கைக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுப் போட்டு, முப்பத்தேழு வயதில்தான் அண்ணியைக் கட்டிக்கொண்டார். அப்படிப்பட்டவரிடம் 'எனக்கு மூச்சு முட்டுகிறது' என்று எந்த வாயால் சொல்வது?

வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. ஆறு ஜாடிகளிலும் ஆறு விதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

போன வியாழக்கிழமை பாட்டில்காரர் கேட்ட கேள்வி இன்னும் காதுக்குள்ளேயே இருந்தது. வாரா வாரம் காலிப் பாட்டில்களைக் கொண்டுவந்து இறக்குபவர். நாற்பதைத் தொடும் வயது. ஒவ்வொரு பாட்டிலையும் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவார். ஒரு நாள் அந்தப் பேப்பரில் பாதிக் கதை ஒன்றை அவள் படித்துவிட்டு மீதி எங்கே என்று கேட்க, அடுத்த வாரம் வீட்டுக் குப்பையையெல்லாம் கிளறி மீதிப் பக்கத்தைத் தனியாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அப்படி ஆரம்பித்தது. ஆறு மாதமாகிவிட்டது. போன வாரம், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "என்னைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டார். அவள் பாட்டில்களை எண்ணுவதுபோல் எண்ணிவிட்டு உள்ளே ஓடி வந்துவிட்டாள்.

இன்றும் வியாழக்கிழமை.

பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வேன் ஹாரன் கேட்டது. குட்டி அவசரமாக ஒவ்வொரு ஜாடியாகப் பார்த்தாள். சொட்டு இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் தாங்கும். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு ஓடி வந்துவிடலாம்.

"அண்ணி, கொஞ்சம் பார்த்துக்கறீங்களா? இதோ வந்துட்டேன்."

அண்ணி சமையலறை மூலையில் பாத்திரத் தொட்டியடியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இன்று அவளுக்கு விடுமுறை. "நான் எதைப் பார்க்கிறது? எனக்கு ஆரஞ்சுன்னா உரிச்சுச் சாப்பிடத்தான் தெரியும்," என்றாள் நிமிராமல்.

வாசலில் பாட்டில்காரர் பெட்டியை இறக்கவில்லை. வேன் கதவில் சாய்ந்து நின்றார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

"போன வாரம் இருபத்து நாலு பாட்டிலை முப்பத்து ஒண்ணுன்னு எண்ணிட்டுப் போனீங்க," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும்.

"ஞாயித்துக்கிழமை நான் ஊரை விட்டுப் போறேங்க. இந்தப் பாட்டில் செய்யற கண்ணாடித் தொழிற்சாலையிலேயே மேற்பார்வையாளர் வேலை கிடைச்சிருக்கு. இங்கேயிருந்து எட்டு மணி நேரம். அங்கே வீடும் தர்றாங்க. ரெண்டே ரூம்தான். ஆனா பெரிய ஜன்னல். திறந்து வெச்சா சாத்த மனசே வராது."

ஜன்னல் என்றதும் அவள் நிமிர்ந்தாள். இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது?

"என் அக்கா வந்திருக்காங்க. எனக்குன்னு இருக்கிறது அவங்க ஒருத்தர்தான். உங்களைப் பார்க்கணும்னு ரொம்ப ஆசை. நாலு மணிக்கு முனையில, பேக்கரி வாசல்ல இருப்போம். அஞ்சு மணிக்கு அவங்களுக்கு பஸ். நீங்க வந்தீங்கன்னா, நாளைக்கே நான் உங்க அண்ணன்கிட்ட வந்து முறையா பேசறேன்."

"வரலைன்னா?"

அவர் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு ஒரு தடவை நழுவியது. "வரலைன்னா அதையே பதிலா எடுத்துக்கறேன். திரும்பக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். உங்க மேல கோபமும் இருக்காது. அதை நீங்க நம்பணும்."

"இன்னிக்கு ஹோட்டல்லேர்ந்து வர்றாங்க... அண்ணன்..." என்று ஆரம்பித்தாள். வாக்கியம் முடியவில்லை. எல்லா வாக்கியமும் அண்ணனில் போய் நின்றது.

அவர் பெட்டிகளை இறக்கி அடுக்கினார். வேன் திரும்பித் தெருமுனையில் மறைந்த பிறகுதான் அவளுக்குச் சமையலறை நினைவு வந்தது. இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது!

ஓடினாள். செஃப் அம்மா ருசி பார்க்க வேண்டிய ஆறு ஜாடி. நீர்த்துப் போயிருக்கும். அத்தனையும் போச்சு.

உள்ளே ஆறு பாட்டில்களும் நிமிர்ந்து வரிசையாக நின்றன. பாட்டிலுக்குள் பஞ்சு மாதிரி வெள்ளை ஐஸ். ஜாடிகளின் வாயில் தட்டு போட்டு மூடியிருந்தது. குட்டி ஒரு தட்டைத் தூக்கி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அடுத்ததையும் பார்த்தாள். ஆறையும் பார்த்தாள். ஒரு சொட்டு கூடுதலும் இல்லை, ஒரு சொட்டு குறைவும் இல்லை.

சாசர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை.

"அண்ணி?"

"ம்?"

"யார் எடுத்தாங்க?"

"எதை?"

"அண்ணன் வீட்டுல இல்ல. நான் வாசல்ல இருந்தேன். பீன்ஸா எந்திரிச்சு வந்து எடுத்துது?"

அண்ணியின் கத்தி நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீ வரக் காணோம். அத்தனையும் தண்ணியாப் போறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க மனசு வரல. அதான் தப்பு பண்ணிட்டேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் உனக்கு டைபாய்டு வந்துதே. பன்னெண்டு நாள் படுத்திருந்தே. அந்தப் பன்னெண்டு நாளும் கடைகளுக்குப் பாட்டில் போச்சு. யார் செஞ்சான்னு நெனச்சே?"

"ஃப்ரீசர்ல பழைய ஸ்டாக் இருந்துதுன்னு சொன்னீங்க!"

"சொன்னேன். நீயும் நம்பினே, உங்கண்ணனும் நம்பினார். அவருக்கு அது உன் கைராசி. ஐஸுக்குள்ள இருந்தாலும் மணக்கும்!" அண்ணி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அஞ்சு வருஷமா பக்கத்துல உட்கார்ந்து காய் நறுக்கறேன். காதாலயே கத்துக்கிட்டேன். கெட்டிச் சொட்டு விழற சத்தம் வேற, தண்ணிச் சொட்டு சத்தம் வேற."

"ஏன் அண்ணி சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? நீயே சொல்லு."

குட்டிக்குத் தெரியும்.

"மறுநாளே இங்க உன் முக்காலி பக்கத்துல ரெண்டாவது முக்காலி வந்திருக்கும்," என்றாள் அண்ணி. "கல்யாணம் ஆனப்போ வேலையை விட்டேன். ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் பல் ஆஸ்பத்திரியில பாதி நாள் வேலை கிடைச்சுது. அடுத்த மாசத்திலேர்ந்து முழு நாள். அங்க வர்ற குழந்தைங்க அழும், கடிக்கும், என் சேலையைப் பிடிச்சு இழுக்கும். ஆனா அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிட்டு உள்ளே போறப்போ நான் ஒரு ஆள் மாதிரி இருக்கேன் குட்டி. உங்கண்ணன் நல்லவர்தான். உன்னையும் இங்க கட்டிப்போட்டது அவர் கெட்ட எண்ணத்துல இல்ல. 'எங்க குட்டி மாதிரி வராது, எங்க குட்டி மாதிரி வராது'ன்னு சொல்லிச் சொல்லியே உட்கார வெச்சுட்டார். என்னையும் அப்படிப் புகழ ஆரம்பிச்சிடுவாரோன்னு எனக்குப் பயம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூடிய அறையில் ஆரஞ்சு மணம் கெட்டியாக நின்றது.

"சொல்லிடாதே," என்றாள் அண்ணி. பிறகு, குரலைத் தாழ்த்தி: "பாட்டில் வாங்க இருபது நிமிஷம் ஆகாது. அது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. உனக்கு ஒரு வழி இருக்குன்னா போ. நான் தடுக்கல. ஆனா என்னைக் காட்டிக் குடுத்துட்டுப் போகாதே."

மதியச் சாப்பாடு குட்டிக்கு இறங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'அண்ணிக்கும் தெரியும்.' கதவு திறந்துவிடும். ஆனால் அவள் வெளியே போகிற அதே கதவால் அண்ணி உள்ளே வந்தாக வேண்டும்.

செஃப் அம்மா சரியாக இரண்டரைக்கு வந்தாள். ஐம்பது வயது, குட்டை முடி, வலது முன்கையில் பழைய சூட்டுத் தழும்பு. நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, "நாள் பூரா நிக்கிறவ நான். உட்கார்ந்தா தூக்கம் வந்துடும்," என்று சமையலறைக்கே வந்துவிட்டாள். ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் விட்டாள். கண்ணை மூடினாள். குளிர்ந்த தண்ணீர் கலந்து ஒரு மடக்கு. பிறகு மறுபடியும் ஸ்பூன்.

"இன்னிக்குக் காலையில எடுத்ததா?"

"ஆமாங்க," என்றார் அண்ணன். "என் தங்கச்சி கை. உலகத்துல வேற யாருக்கும் வராது."

அண்ணி குழாயைத் திறந்து ஒரு பாத்திரத்தை இரண்டாம் தடவை கழுவினாள்.

"பழத்தை உரிச்சு மூஞ்சிக்கு நேரா வெச்ச மாதிரி இருக்கு," என்றாள் செஃப் அம்மா. "எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இதைவிடக் கெட்டியா வேணும். சேர்ந்ததையே மறுபடி உறைய வெச்சு இன்னொரு தடவை சொட்ட விடுவீங்களாமே, அது."

"ஃப்ரீசர்ல ஒரு சின்ன பாட்டில் இருக்கு. இப்பவே கவுத்துக் காட்டறோம்! ஒரு மணி நேரம் போதும்," என்றார் அண்ணன். "அதுக்குள்ள பேப்பர் வேலையை முடிச்சுடலாம்."

பேப்பர் வந்தது. 'தயாரிப்பவர்' என்ற வரிக்கு எதிரே அண்ணன் ஏற்கெனவே அவள் முழுப் பெயரை அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். மூன்று வருடம். தயாரிப்பவர் மாறினால் ஒப்பந்தம் செல்லாது. குட்டி பேனாவை வாங்கினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பது.

"ஒரு நிமிஷம்," என்றாள் செஃப் அம்மா. "இவங்களுக்கு உடம்பு சரியில்லாம போனா?"

"அதெல்லாம் போகாதுங்க."

"சார், இவங்க மனுஷிதானே? மிஷின் வாங்கினாக்கூட மாத்துப் பாகம் கேட்டு வாங்கறோம். என் ஜூஸ் கவுண்டர் ஒரு நாள் மூடக் கூடாது. எனக்கு இரண்டாவது பெயர் ஒண்ணு வேணும். அது இல்லாம இந்தப் பேப்பரை நான் வாங்கிட்டுப் போக முடியாது."

அண்ணன் முதல் முறையாகத் திகைத்தார். சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை அண்ணியின் மேல் விழுந்து, நிற்காமல் நகர்ந்தது. "இவளுக்கு இதெல்லாம் வராதுங்க. பொறுமை கிடையாது," என்று சிரித்தார்.

அண்ணி திரும்பவில்லை. அவள் தோள்கள் மட்டும் இறுகின.

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். குட்டியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அண்ணியின் கழுத்துப் பின்புறத்தில் ஒரு முடிக்கற்றை ஈரமாக ஒட்டியிருந்தது. அது ஏனோ கண்ணில் பட்டது. பட்டதும், வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

வேறொரு வார்த்தை வந்தது.

"இரண்டாவது பெயர் அண்ணன்தாங்க."

"என்னது?" என்றார் அண்ணன்.

"நீங்கதான் அண்ணா. அஞ்சு வருஷமா இதைப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்றீங்க. உங்களைவிட வேற யாருக்குத் தெரியும்? அந்தப் பாட்டிலை நீங்களே எடுங்க."

"குட்டி, விளையாடாதே. எனக்கு வெளி வேலை ஆயிரம் இருக்கு."

"ஒரு மணி நேரம்தானே? அவ்வளவுதான்னு இப்பத்தானே சொன்னீங்க?"

செஃப் அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "நல்ல யோசனை. சார், உட்காருங்க. நீங்க எடுக்கிறதை நான் ருசி பார்க்கிறேன். சரியா வந்தா ரெண்டு பெயரும் எழுதிக் கையெழுத்து. வரலைன்னா, இது ஒரு ஆளை நம்பிச் செய்யற வியாபாரம்னு அர்த்தம். எனக்கு அது ஒத்து வராது."

மூன்று மணிக்கு அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முழங்கால் மேஜைக் காலில் இடித்தது. இந்த முக்காலியில் அவர் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. குட்டி பாட்டிலைக் கவிழ்த்து வைத்தாள். சாசரையும் ஸ்பூனையும் பக்கத்தில் வைத்தாள். எப்படிப் பார்ப்பது என்பதை ஒளிக்காமல் சொன்னாள். அவர் தலையாட்டினார். முதல் சொட்டு விழுந்தது.

ஐந்து நிமிடத்தில் அவர் போன் அடித்தது. எழுந்தார். "காத்து!" என்றார்கள் குட்டியும் செஃப் அம்மாவும் ஒரே குரலில். உட்கார்ந்தார். பதினைந்து நிமிடத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. "ஃபேனாவது போடக் கூடாதா?" "கூடாது." "ஜன்னல்?" "கூடாது." "இதை எப்படி நீ தினமும்..." என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கிக்கொண்டார்.

மூன்றே முக்காலுக்கு குட்டி அறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வேறு புடவை மாற்றவில்லை. விரல்களில் ஆரஞ்சுக் கறை அப்படியே இருந்தது.

"நான் கொஞ்சம் வெளியே போயிட்டு வரேன் அண்ணா."

"வெளியேவா? இப்பவா? எதுக்கு?"

ஆறு மாதமாக ஒத்திகை பார்த்த பொய்கள் வரிசையாக வந்து நின்றன. குட்டி எதையும் எடுக்கவில்லை.

"பாட்டில்காரரும் அவங்க அக்காவும் முனையில நிக்கிறாங்க. என்னைப் பார்க்க. அவர் என்னைக் கட்டிக்கக் கேட்டிருக்கார். எனக்கும் அவரைப் பிடிச்சிருக்கு."

அண்ணன் பாதி எழுந்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. யாரோ கன்னத்தில் அறைந்துவிட்டு ஓடியது போன்ற ஒரு திகைப்பு.

"சொட்டு விழுது சார்," என்றாள் செஃப் அம்மா மெதுவாக.

அவர் உட்கார்ந்தார். கண் ஜாடியில் இருந்தது. குரல் மட்டும் தங்கையிடம் வந்தது. "என்கிட்டே ஏன் சொல்லல குட்டி?"

"எப்பண்ணா சொல்றது? நீங்க வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுவீங்க. உள்ளே வந்ததே இல்லையே."

செஃப் அம்மா போன் பேசுவதுபோல் கூடத்துக்கு நகர்ந்துவிட்டாள். குட்டி முன்கதவை நெருங்கிச் செருப்பில் கால் நுழைத்தாள். மணி நாலாக மூன்று நிமிடம். கதவைத் திறந்ததும் வெயிலும் தெருச் சத்தமும் முகத்தில் மோதின. முனையில் பேக்கரிப் பலகை தெரிந்தது. அதன் கீழே ஓர் இஸ்திரிச் சட்டை. பக்கத்தில், பையை மார்போடு அணைத்தபடி அவருடைய அக்கா.

"குட்டி!" உள்ளேயிருந்து அண்ணன் குரல். "இது போதுமா? எடுக்கட்டுமா?"

வாசலில் நின்றே அவளுக்குக் கேட்டது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. சொட்டின் சத்தம் மாறிக்கொண்டிருந்தது. கெட்டிச் சத்தம் மெலிந்து வந்தது. இன்னும் ஒரு நிமிடம். அதற்கு மேல் போனால் ஜாடி போச்சு, பேப்பர் போச்சு. 'இப்ப எடுங்க' என்று ஒரு வார்த்தை கத்தினால் அண்ணன் பிழைத்துக்கொள்வார். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு, அவள் நாக்கு இல்லாமல் இந்த வீட்டில் எதுவும் நடக்காது என்பதும் மறுபடி உறுதியாகிவிடும்.

பல்லைக் கடித்துக்கொண்டு படியில் ஒரு கால் வைத்தாள்.

"குட்டி?" இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால், அம்மா இல்லாத வீட்டில், சாதம் வெந்துவிட்டதா என்று தெரியாமல் பாத்திரத்தைப் பார்த்து நின்ற இருபத்து மூன்று வயதுக்காரனின் குரல் அது.

அவள் அசையவில்லை. பதிலும் சொல்லவில்லை.

முக்காலி கிறீச்சிட்டது. அண்ணன் யார் பக்கமோ திரும்பியிருக்க வேண்டும்.

"உனக்கு..." அவர் குரல் தயங்கியது. ஐந்து வருடத்தில் முதல் முறையாக அவர் மனைவியிடம் கேட்டார். "உனக்கு இது தெரியுமா?"

தொட்டிப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

கதவைச் சாத்திவிட வேண்டும் என்று குட்டி நினைத்தாள். அண்ணியின் பதில் காதில் விழுவதற்கு முன்னால் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் முனைக்கு ஓடிவிட வேண்டும். பாட்டில்காரர் அவளைப் பார்த்துவிட்டார், கையைத் தூக்கினார்.

கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, ஒரு கால் படியிலும் ஒரு கால் வாசலிலுமாக, அண்ணி என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்க நின்றுகொண்டிருந்தாள் அவள்.